கணினியின் இரைச்சலும் காலனியின் உறக்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பேசுவோரும் இசை பாடுவோரும் ஏறிய இம்மேடையில், நான் ஒரு விசிறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ரயில்வே அலுவலகத்தில் கோப்பெழுதும் குமாஸ்தா நான். பொறியியல் கற்றவன் அல்லேன். எனினும், நம் காலனியின் பல வீடுகளில் எழும் ஒரு பூசலுக்கு இவ்விசிறியே காரணமாதலால், அறிந்து செய்து பார்த்தவற்றை எடுத்துரைப்பது கடமையெனக் கருதினேன்.

நம் குவார்ட்டர்ஸ் இரண்டே அறைகள் கொண்டவை. ஓர் அறையில், இரவுப் பணி முடித்து வந்த தந்தை உறங்கவேண்டும். மற்றோர் அறையில், மகனோ மகளோ கணினியில் வீடியோ தொகுத்துத் தொழில் பழகவேண்டும். வேலை தொடங்கியதும் கணினிப் பெட்டிக்குள் ஓர் இரைச்சல் கிளம்புகிறது. “நிறுத்தடா அதனை!” என்கிறார் தந்தை. “இன்றே அனுப்பவேண்டிய வேலை, அப்பா!” என்கிறான் மகன். வண்டி ஓட்டுபவருக்கும் சிக்னலைக் காப்பவருக்கும் உறக்கம் ஆடம்பரம் அன்று. அதனை நம்பி ஆயிரம் பயணிகள் இருக்கின்றனர். பிள்ளைகளின் பயிற்சியும் ஆடம்பரம் அன்று. அவர்தம் பிழைப்புக்கு அதுவே வழி. இவ்விரண்டில் ஒன்றைப் பலியிடத் தேவையில்லை என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டுத் தருவது கிராபிக்ஸ் கார்டு. 2016ஆம் ஆண்டில் வெளிவந்து, இன்று பழைய விலைக்குக் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 1060 என்னும் கார்டு, முழு வேலையின்போது 120 வாட் மின்சாரம் உண்ணும். உண்டது அனைத்தும் வெப்பமாகவே வெளிவரும். நாம் முன்பு ஏற்றிய 60 வாட் குண்டு பல்புகள் இரண்டின் வெப்பம், பெரும்பாலும் கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு சில்லில் பிறக்கிறதென்றால், அதன் கடுமையை எண்ணிப் பாருங்கள்!

அவ்வெப்பத்தைச் செம்புக் குழாய்கள் ஏந்திச் செல்கின்றன. குழாய்க்குள் சிறிதளவு நீர் அடைபட்டிருக்கும். அது சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து மீண்டும் நீராகும். சோற்றுப் பானையின் மூடியில் நீர் துளிர்ப்பதைப் போன்றதே இது. அங்கிருந்து வெப்பம் அலுமினியத் தகடுகளில் பரவ, விசிறி அதனைக் காற்றில் கலந்துவிடுகிறது.

இனி, பனையோலை விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓலையை மெல்ல அசைத்தாலே காற்று வரும். சிறிய அட்டையைக் கொண்டு அதே காற்றைப் பெற, கை வலிக்க வீசவேண்டும். கார்டிலுள்ள சிறு விசிறியும் அவ்வாறே மிக வேகமாகச் சுழன்று இரைகிறது. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே நம் செவிக்குப் பாதி ஒலியாகத் தோன்றும். 2003ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்னும் கார்டு தன் பேரிரைச்சலால் நகைப்புக்கு இடமாயிற்று. அந்நிறுவனமே தன்னைக் கேலி செய்து ஒரு படமும் எடுத்தது!

பரிகாரம் யாது? முதலில் தூசு. கணினியின் மின்சாரத்தை நீக்கி, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷால் தகடுகளைத் துடையுங்கள். பாதி வீடுகளில் பூசல் இதனோடு தீரலாம். கரகரவென்ற ஒலி கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கும். அதே அளவுள்ள விசிறியை மட்டும் மாற்றினாற்போதும். கியாரண்டி முடியாத கார்டாயின், திருகைத் தொடுமுன் கடைக்காரரைக் கேளுங்கள்.

அதற்கும் அடங்காவிடில், இரு வழிகள் உண்டு. ஒன்று, ஆர்க்டிக், ராய்ஜின்டெக் போன்ற நிறுவனங்கள் செய்த பெரிய குளிர்விப்பானை முழுமையாகப் பொருத்துவது. திருகுத் துளைகளின் இடைவெளி பொருந்துமா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிய தெர்மல் பேஸ்ட்டைச் சிறிதே இட்டு, நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கவேண்டும். நினைவகச் சில்லுகளுக்கும் மின்சாரம் வழங்கும் பகுதிக்கும் உரிய ரப்பர் போன்ற தெர்மல் பேடுகளை மறத்தலாகாது. அவற்றின் கனம் மிகுந்தால், முதன்மைச் சில்லின்மீது உலோகம் படியாது, கார்டு பழுதுபடும்.

மற்றொன்று, நம் வருவாய்க்கு ஏற்ற வழி. பழைய தகடுகளை அவ்வாறே விட்டு, மேலுள்ள பிளாஸ்டிக் உறையையும் சிறு விசிறிகளையும் மட்டும் கழற்றி, அவ்விடத்தில் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டைக் கேபிள் டையால் கட்டுவது. பல கார்டுகளில் உறை தனியே கழலும். பேஸ்ட்டைத் தொடவே வேண்டியதில்லை. விசிறியில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கமே காற்று வெளிவரும் பக்கம். அது தகடுகளை நோக்கவேண்டும். விசிறியின் கனம் 25 மில்லிமீட்டர்; பெட்டிக்குள் இடம் அளந்து வாங்குங்கள்.

புதிய விசிறியின் பிளக்கை மதர்போர்டில் செருகினால், அது பெரும்பாலும் பிராசசரின் சூட்டுக்கே ஏற்பச் சுழலும். கார்டு கொதித்தாலும் அறியாது. ஆதலால், கார்டின் சிறு பிளக்கிலேயே இணைக்கும் அடாப்டரையும் சேர்த்து வாங்குதல் நன்று.

என் இல்லத்தில் இவ்வழியையே பின்பற்றினோம். திருகுகளைக் கழற்றியவன் என் மகன். விளக்குப் பிடித்தவன் நான். இன்று அவன் வேலை செய்கையில், அடுத்த அறையில் சுவர்க்கடிகாரத்தின் ஒலி கேட்கிறது.

ஓர் எச்சரிக்கை. எந்த விசிறியும் அறையின் காற்றைவிடக் கார்டைக் குளிரச் செய்யாது. டிசம்பரில் 20 டிகிரியில் அமைதியாயிருப்பது, மே மாதத்தில் 42 டிகிரியில் அவ்வாறே இராது. ஆகவே, கோடையில் அரைமணி நேரம் முழு வேலை கொடுத்து வெப்பத்தைக் கவனியுங்கள். 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், விசிறியின் வேகத்தைச் சற்றே கூட்டுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! ஒலி பொறாது பிள்ளையைக் கடியுமுன், பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். இளைஞர்களே! தந்தை துயிலும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். திருகாணி முடுக்கத் தெரியாதோர் எவராயினும், ஞாயிறன்று என்னை அழைத்தால் வந்து உதவக் காத்திருக்கிறேன். தாயகம் விட்டு வந்து ஓரிடத்தில் கூடி வாழும் நாம், ஒருவர்க்கொருவர் துணையாதலே சங்கத்தின் பயன்.