பெயரிடப்படாத பெண்



டோல்ஸ்டோயின் ‘அன்னா கரீனினா’ நாவலின் பதிப்புகள் பலவற்றின் அட்டையிலே ஒரு பெண்ணைக் கண்டிருப்பீர்கள். பனிமூட்டம் கவிந்த சென் பீட்டர்ஸ்பேர்க் நகரம். திறந்த குதிரை வண்டியில் தன்னந்தனியே அமர்ந்திருக்கிறாள். மென்மயிர் ஓரமிட்ட மேலங்கி, வெண்ணிற இறகு செருகிய தொப்பி. பாதி தாழ்ந்த இமைகளுக்கூடாக எம்மைக் கீழ்நோக்கிப் பார்க்கிறாள்.

இவளே அன்னா என எண்ணுவோர் அநேகர். ஆனால் 1883இல் இவான் கிராம்ஸ்கோய் இதனைக் காட்சிக்கு வைத்தபோது இட்ட தலைப்பு ‘அறியப்படாத பெண்’ என்பதே.

அன்னாவுக்கும் கிராம்ஸ்கோய்க்கும் தொடர்பு இல்லாமலில்லை. 1873இல் மொஸ்கோ வணிகரும் கலைச் சேகரிப்பாளருமான திரெத்யாக்கோவுக்காக டோல்ஸ்டோயை வரைவதற்கு அவர் யாஸ்னயா பொல்யானா சென்றார். தயங்கிய டோல்ஸ்டோய் ஈற்றில் இணங்கினார். அவ்வேளை அவர் எழுதிக்கொண்டிருந்தது ‘அன்னா கரீனினா’! ஓவியர் எழுத்தாளரை வரைய, எழுத்தாளர் ஓவியரை அளந்துகொண்டிருந்தார் போலும். நாவலில் வரும் மிஹைலோவ் என்ற ஓவியரிடம் கிராம்ஸ்கோயின் சாயல் உண்டென்பர். அந்த மிஹைலோவ் இத்தாலியில் அன்னாவின் உருவப்படத்தைத் தீட்டுகிறார். பிற்பாடு லெவின் முதலிற் காண்பது அப்படத்தை. அதன் பின்னரே அன்னாவை.

கிராம்ஸ்கோயின் பெண்ணை அன்றைய ரசிகர்கள் இலகுவில் ஏற்கவில்லை. துணையின்றித் திறந்த வண்டியில், புதுப்பாணி உடையில் வருபவள் குலப்பெண்ணாக இருக்கமாட்டாள் என முடிவுகட்டினர். விமர்சகர் சிலர் விலைமகள் என்றே கூறினர். திரெத்யாக்கோவும் படத்தை வாங்கவில்லை. அவர் பெயரிலான கலைக்கூடத்தை அது சென்றடைந்தது 1925இலேதான்.

அன்று இழிபெயர் சூட்டினர். இன்று நாம் அன்னா என்கிறோம். இது பரிவினால் வந்த பெயர்தான். ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. நாவலின் அன்னா புகையிரதத்தின் கீழ் மாண்டுபோனாள். அப்பெயரைச் சூட்டும்போது அம்முடிவையும் இவள் தலையிற் கட்டிவிடுகிறோம். இவளோ உயிரோடு, நிமிர்ந்து, நெவ்ஸ்கி வீதியிலே போய்க்கொண்டிருக்கிறாள். அந்த விழிகளிற் கர்வம் மாத்திரமே உண்டென்போர் இன்னொருமுறை உற்றுநோக்கட்டும். சற்று ஈரமும் தெரியும்.

1863இல், கொடுக்கப்பட்ட கருப்பொருளில் வரைய மறுத்துத் தோழர்களுடன் கலைக்கழகத்தை விட்டே வெளியேறியவர் கிராம்ஸ்கோய். பார்ப்பவர் கேட்டதற்காக ஒரு பெயரைக் கொடுத்துவிடுவாரா? 1887இல் வேறொருவரின் உருவப்படத்தை வரைந்துகொண்டிருக்கையிலேயே அவர் சரிந்து உயிர்நீத்தார். இவள் யாரென்று அவர் சொல்லவேயில்லை.