செவிக்கு மெய்யானது



செவிக்குழலுக்குள் செருகிக் கேட்கும் விலையுயர்ந்த இயர்போன்களைப் பற்றிக் கவிதை வட்டத்தில் பேசுவானேன் என்று வினவுவோர் இருக்கலாம். குரலுக்கும் செவிக்கும் இடையே வந்து நிற்கும் எதுவும் கவிஞர் அறியத்தக்கதே.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செவிப்புல ஆய்வாளர் மீட் கில்லியன் 1983இல் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். 'செவிக்கு மெய்யானது' எனப் பொருள்பட அமைத்த பெயர் அது. சொற்பிறப்பியலைக் குறிக்கும் 'எட்டிமாலஜி' என்னும் சொல்லிலும் மெய் என்று பொருள்படும் அதே கிரேக்க வேரே உள்ளது. 1991இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஈ.ஆர்.-4 இவ்வகைக் கருவிகளுக்கு ஒரு முன்னோடி. செவிப்புலன் குறைந்தோர் அணியும் கருவிகளில் பயன்பட்ட நுண்பொறியே அதில் ஒலி எழுப்பியது.

மனிதச் செவிக்குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது. நொடிக்கு 3,000 அதிர்வுகளை ஒட்டிய ஒலியை அது தானாகவே மிகுவிக்கும். குழலை அடைத்தால் அவ்வியல்பு கெடும். கெட்டதை அளந்து, ஒலியில் மீண்டும் சேர்த்துத் தருவதே ஈ.ஆர்.-4இன் நோக்கம்.

சூசன் வேகா 1987இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் 'டாம்ஸ் டைனர்' என்றொரு பாடல் உண்டு. பக்கவாத்தியம் ஏதுமில்லை, தனிக்குரல் மட்டுமே. எம்.பி.3 முறையைச் செப்பனிட்ட கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், குரல் சிதைகிறதா என்று சோதித்தது இப்பாடலைக் கொண்டுதான். இதனை ஈ.ஆர்.-4இல் கேட்பவருக்குக் குரல் எதிரிலிருந்து வருவதில்லை, தலைக்குள்ளேயே எழுகிறது. அடிகளுக்கிடையே இழுக்கும் மூச்சும், மெய்யெழுத்துகளின் விளிம்பும் துலங்குகின்றன. ஆனால் முழவின் அதிர்வு நெஞ்சில் வந்து விழாது. தாளத்தில் திளைப்போர்க்கு இது வறண்ட ஒலியே. கம்பி சட்டையில் உரசினாலும் கேட்கும். நடந்தால் தன் காலடியே தலைக்குள் இடிக்கும்.

மூன்றடுக்கு ரப்பர் முனை செவிக்குழலை இடைவெளியின்றி அடைக்க வேண்டும். சிறிது காற்று கசிந்தாலும் கீழ்த்தாய ஒலி மறையும். ஒரே கருவியை ஒருவர் 'மெலிந்தது' என்பதும் மற்றவர் 'நிறைந்தது' என்பதும் பெரும்பாலும் இதனால்தான். திறனாய்வாளர் சொல்லை நம்புமுன் அவர் செவியில் அது பொருந்தியதா என்று கேட்டறிவது நன்று. பின்னாளில் ஒரு காதுக்குப் பத்துக்கும் மேற்பட்ட நுண்பொறிகள் வைத்து, இலட்ச ரூபாய் விலையில் கருவிகள் வந்தன. பொறிகளைக் கூட்டுவது, கவிதையில் அடைமொழிகளைக் கூட்டுவது போன்றதே.

இக்கருவியின் பெருமதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. பேருந்தின் இரைச்சலை மீறிக் கேட்க, காதை அடைக்காத இயர்போனில் ஒலியை ஏற்றிக்கொண்டே போகின்றனர். நன்கு அடைக்கும் கருவியில் வெளியோசை தணிவதால் தாழ்ந்த ஒலியே போதும். வாரத்துக்கு 80 டெசிபெல் எனில் 40 மணி நேரம், 90 டெசிபெல் எனில் 4 மணி நேரம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் வரம்பு கூறுகிறது. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மறைவது உயர்ந்த தாயம். உயிரொலிகள் நிற்கும், வல்லின மெய்கள் மங்கும். 'பட்டு', 'பத்து' என இரண்டும் ஒன்றுபோல் கேட்கக்கூடும். அத்தகைய செவிக்கு எதுகை எங்கே அமைந்ததென்று தெரியாது.