ஈரலுக்குள் ஓர் அத்திப்பழம்



ஓட்டலில் உட்கார்ந்ததும் "ரெண்டு நெய் ரோஸ்ட்" என்கிறோம். தோசை என்ற சொல் வாயில் வருவதேயில்லை. சர்வரும் அதைக் கேட்பதில்லை. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அடைமொழி பெயரையே விழுங்கிவிட்டது. ரோமாபுரியில் இதே போல விழுங்கப்பட்ட சொல் ஒன்று உண்டு. அது ஈரல்.

லத்தீன் மொழியில் ஈரலுக்கு 'யெகுர்' என்று பெயர். மிகப் பழைய சொல். வடமொழியின் 'யக்ருத்', கிரேக்கத்தின் 'ஹேபார்' இரண்டும் அதன் உடன்பிறப்புகள். அவ்வளவு ஆழமாக வேரோடிய சொல்லைப் பெயர்த்துப் போட்டது அத்திப்பழம்.

வாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழத்தை ஊட்டி ஊட்டி ஈரலைப் பருக்க வைப்பது அந்தக் காலத்துச் சமையல் கலை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ப்ளினி இதை எழுதியே வைத்திருக்கிறார். பன்றிக்கு உலர்ந்த அத்தியைத் தின்னக் கொடுத்து, நன்றாகக் கொழுத்ததும் தேன் கலந்த திராட்சை மதுவைத் திடீரெனக் குடிக்கக் கொடுப்பார்களாம். அதோடு அதன் உயிர் போய்விடும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஆபிக்கியுஸ் என்ற சாப்பாட்டுப் பிரியர் என்கிறார் ப்ளினி. படிக்கும்போது அந்த வாயில்லா ஜீவனை நினைத்து மனம் கனக்கிறது.

அத்திக்கு லத்தீனில் 'ஃபீக்குஸ்'. அத்தி ஊட்டிய ஈரல் 'யெகுர் ஃபீக்காத்தும்'. நாளடைவில் யெகுர் உதிர்ந்து, 'ஃபீக்காத்தும்' மட்டும் நின்றது. வாத்தின் ஈரல் மட்டுமல்ல, மனிதனின் ஈரலும் அதுவே ஆனது. வைத்தியரின் சொல் தோற்றது, அடுப்படியின் சொல் வென்றது. கிரேக்கத்திலும் இதே கதைதான்: இன்று அங்கே அத்தி 'சீக்கோ', ஈரல் 'சிக்கோத்தி'.

லத்தீனின் பிள்ளைகள் பலரும் இந்தச் சொல்லையே சுமக்கிறார்கள். இத்தாலியில் ஃபேகதோ. போர்ச்சுகலில் ஃபீகது. ஸ்பானிய மொழி பல சொற்களின் தொடக்கத்தில் இருந்த 'ஃப' ஒலியை முதலில் 'ஹ' ஆக்கி, பிறகு அதையும் விட்டுவிட்டது. மாவைக் குறித்த 'ஃபரீனா' அங்கே 'அரீனா'. அதே வழியில் ஈரல் 'ஈகதோ' ஆனது, அத்திப்பழம் 'ஈகோ'. பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், உறவு காதில் விழும். பிரெஞ்சில் அது விழாது: அத்தி 'ஃபீக்', ஈரல் 'ஃபுவா'. ஓட்டல்களில் பேர்போன 'ஃபுவா கிரா' என்றால் கொழுத்த ஈரல். அத்தியூட்டிய அந்தப் பழைய பண்டத்தின் நேர் வாரிசு அது.

எனக்கு மிகவும் பிடித்தது ருமேனிய மொழியின் 'ஃபிக்காத்'. மற்றவர்கள் அழுத்தத்தை முதல் அசைக்கு நகர்த்திவிட்டார்கள். லத்தீன் அழுத்திய இரண்டாம் அசையையே ருமேனியர்கள் இன்றும் அழுத்துகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயந்தால் நமக்கு ஈரக்குலை நடுங்குகிறது. இத்தாலியர்களோ துணிச்சல்காரனைப் பார்த்து, "அவனுக்கு ஃபேகதோ இருக்கிறது" என்கிறார்கள்.