இலவச வைத்தியம் கடல் கடக்க வேண்டும்

(கற்பிட்டிக் கடற்கரைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்நாட்டில் வைத்தியம் இலவசம் என்று பெருமையோடு சொல்கிறோம். அப்பெருமை பொய்யன்று. 1931 இல் டொனமூர்த் திட்டம் வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை தந்தது. மலையகத் தொழிலாளர் பலருக்கு மட்டும் தடை விதித்தது. 1934-35 இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. வாக்குக் கேட்டு வந்தவரிடம் மக்கள் வைத்தியசாலை கேட்டனர். கிராமப் புறங்களில் மருந்தகங்களும் மகப்பேற்று இல்லங்களும் எழுந்தன. 1951 இல் அரச வைத்தியசாலைக் கட்டணம் நீக்கப்பட்டது. 2016 இல் மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. இலவச வைத்தியம் எவரும் இட்ட பிச்சையன்று. வாக்குரிமை ஈன்ற பிள்ளை அது!

அப்பிள்ளை நம் கரைக்கு முழுமையாக வந்து சேர்ந்ததா?

பத்தலங்குண்டுத் தீவில் நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி எடுக்கிறது என்று கொள்வோம். 1990 என்ற எண்ணை அழைத்தால் நோயாளர் வண்டி வரும். 2016 இல் தொடங்கி 2019 இல் நாடெங்கும் விரிந்த நல்ல சேவை அது. ஆனால் வண்டிச் சக்கரம் கற்பிட்டித் துறையோடு நின்றுவிடும். அப்பால் கடல், படகு, எண்ணெய்ச் செலவு. கரை சேர்ந்தபின் புத்தளத்துக்கு அனுப்பினால் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம். மருந்தை வெளியே வாங்கச் சொன்னால் அன்றைய மீன் விற்ற காசு மருந்துக் கடைக்கே போகும். நாட்டின் சுகாதாரச் செலவில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மக்கள் தம் கையிலிருந்தே கொடுக்கின்றனர். ஏட்டில் இலவசம், வீட்டில் கடன்!

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் பல்லாயிரவரை அணைத்துக் கொண்ட மண் இது. மக்கள் பெருகிய அளவுக்குக் கட்டில்களும் தாதியரும் பெருகினரா?

யாரிடம் கேட்பது? சட்டத்தைப் புரட்டுவோம். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம், போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு வைத்தியசாலைகளும் தவிர்ந்த பொது வைத்தியசாலை, கிராமிய வைத்தியசாலை, மகப்பேற்று இல்லம், மருந்தகம் ஆகியவற்றை மாகாணத்தின் பொறுப்பில் வைத்தது. ஆனால் 2013 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வடமேல் மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஆளுநர் நிர்வாகமே நடந்து வந்திருக்கிறது. நம் உறுப்பினர் இல்லாத மாகாணத்தில் நம் படகுக்காக வாதாடுபவர் யார்?

"நாடு கடனில் மூழ்கியது, பணம் ஏது?" என்பர். 2022 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசு கைவிரித்தது மெய்தான். ஆயினும் உலகப் பொருளாதார மந்தமும் மலேரியாவும் ஒருங்கே வதைத்த முப்பதுகளில், வறிய இலங்கை சுகாதாரத்தைக் கைவிடவில்லை. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

நாம் கேட்பவை மூன்று. தீவுகளுக்கு ஒரு நோயாளர் படகு. வைத்தியசாலையில் தமிழில் சொல்லவும் தமிழில் விடைபெறவும் வசதி. சிங்களம் நிர்வாக மொழியான இடத்திலும் அதிகாரியோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தருகிறது. மூன்றாவது, மாகாண சபைத் தேர்தல்.

கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 2016 இன் தகவல் உரிமைச் சட்டப்படி, விண்ணப்பித்த பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவைச் சொல்லவேண்டும். எத்தனை தாதியர் இடம் வெறுமையாக உள்ளது? எந்த மருந்து கையிருப்பில் இல்லை? ஊருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவோம். உடப்பும் முந்தலும் கற்பிட்டியும் புத்தளமும், கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒன்றாகக் கையெழுத்திடட்டும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர். நாம் அழவேண்டாம், சட்டம் அறிந்து கேட்போம். இலவச வைத்தியம் கடல் கடக்கும் வரை ஓயாது கேட்போம்!