விதியல்ல, அமிலம்!

(கள்ளக்குறிச்சியில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



இதோ மேசைமேல் ஒரு தட்டு மஞ்சள் நீர். இதில் சிட்டிகை சுண்ணாம்பைக் கரைக்கிறேன், இரத்தம்போல் சிவந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறேன், மறுபடியும் மஞ்சளாகிவிட்டது. நான் யாதொரு மந்திரமும் சொல்லவில்லை. சுண்ணாம்பு காரம், மிளகாய்க் காரமல்ல, ரசாயனத்தார் சொல்லும் காரம். எலுமிச்சைச் சாறு அமிலம். காரத்தைக் கண்டால் மஞ்சள் சிவக்கும். அமிலம் வந்து காரத்தை முறித்தால் இரண்டின் குணமும் ஒழிந்து உப்பும் தண்ணீருமாகிவிடும்.

"ஆலாத்தி சுற்றவா எங்களைக் கூப்பிட்டாய்?" என்று கேட்பீர்கள். இதே சங்கதி நம் உடம்புக்குள்ளும் நடப்பதால்தான் சொல்லுகிறேன்.

2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில், இதே ஊர் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் விற்கப்பட்டது. அதனால் 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதை விதி என்பவர்களை ஒன்று கேட்கிறேன்: விதி எந்தப் பாக்கெட்டில் இருந்தது? மெத்தனாலை நம் கல்லீரல் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. சில எறும்புகள் பீய்ச்சுகிற அதே அமிலந்தான். நம் இரத்தமோ சற்றே காரமானது. அதன் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கவேண்டும். அமிலம் பெருகினால் அளவு இறங்குகிறது, மூச்சு வாங்குகிறது, கண் நரம்பு கெடுகிறது, உயிரும் போகிறது.

வைத்தியர் என்ன செய்கிறார்? சோடியம் பைகார்பனேட் என்னும் காரத்தை இரத்தக் குழாயில் ஏற்றி அமிலத்தை முறிக்கிறார். மேற்கொண்டு அமிலம் உண்டாகாதபடி வேறு மருந்து கொடுக்கிறார். மிஞ்சிய விஷத்தை டயாலிசிஸ் இயந்திரத்தால் வெளியேற்றுகிறார். இவையெல்லாம் காலத்தோடு நடந்தால்தான் பலன்.

ஆனால் குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரிவதில்லை. பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி வரை கழித்தே விஷம் முகம் காட்டும். அந்த நேரத்தில்தான் நம்மவர்கள் போலீசுக்குப் பயந்து மறைப்பதும், வேப்பிலை அடிப்பதும், வீட்டுச் சோடா உப்பைக் கரைத்துக் கொடுப்பதும்! வயிற்றுக்குப் போகும் சோடா உப்பு இந்த வேலையைச் செய்யாது.

தோழர்களே! கல்வராயன் மலையில் காய்ச்சியதானாலும், வேறெங்கிருந்து வந்ததானாலும், சாராயத்தில் மெத்தனால் இருப்பதை நாக்கு சொல்லாது, மூக்கும் சொல்லாது. ஆகவே அதைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டவன் வீட்டிலிருந்தால் கண் மங்கட்டும் என்று காத்திராதீர்கள். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன குடித்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மானத்தைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம். உயிரை மீட்க முடியாது.