சிறுதொழில் நடத்துவோரும் பணிச்சோர்வும்



மொழியையும் இலக்கியத்தையும் பற்றிய பொழிவுகள் நிகழும் இம்மேடையில் தொழிலைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்பளித்திருக்கிறார்கள். கிள்ளானில் சிறிய அச்சகம் ஒன்றை 26 ஆண்டுகள் நடத்தியவன் என்பதே இதற்கு எனக்குள்ள தகுதி. இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களுள் சிலருடைய பெற்றோர் மளிகைக்கடையோ உணவுக்கடையோ தையற்கடையோ நடத்துபவராக இருக்கலாம். நாளை நீங்களே ஒரு தொழிலைத் தொடங்கலாம். தொழிலை வளர்க்கும் வழிகளைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அதனை நடத்துபவர் எவ்வாறு தேய்ந்துபோகிறார், எவ்வாறு மீள்கிறார் என்பதைச் சொல்ல நான் விழைகிறேன்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘பர்ன்அவுட்’ என வழங்குவதை நாம் பணிச்சோர்வு என்கிறோம். ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்னும் உளவியலாளர் 1974ஆம் ஆண்டில் இதனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நியூயார்க் நகரின் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியோரிடம் அவர் இந்நிலையைக் கண்டார். நாம் கருத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: சோம்பி இருந்தவர்களிடம் அன்று, மனமொன்றி உழைத்தவர்களிடமே இது முதலில் கண்டறியப்பட்டது.

பின்னர் 1981ஆம் ஆண்டில் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இருவரும் இதனை அளந்தறியும் வினாநிரல் ஒன்றை வெளியிட்டனர். 2019ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலும் இதனைக் குறிப்பிடுகிறது. ஆயினும், இதனை நோய் என்று கூறாமல், தீர்க்கப்படாமல் நீடிக்கும் பணி அழுத்தத்தின் விளைவு என்றே கூறுகிறது. அடையாளங்கள் மூன்று. ஆற்றல் முற்றும் வற்றிப்போதல் ஒன்று. செய்யும் தொழிலின்மீது வெறுப்பும் விலகலும் தோன்றுதல் மற்றொன்று. செயல்திறன் குறைதல் மூன்றாவது. வெறுங்களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீரும். பணிச்சோர்வு அவ்வாறு தீர்வதில்லை.

இம்மூன்றையும் நான் நூலில் படித்து அறியவில்லை. தீபாவளிக்கு முந்திய மாதங்களிலும் ஆண்டிறுதியிலும் அச்சகத்தில் வேலை குவியும். திருமண அழைப்பிதழ், நாட்காட்டி, பள்ளி ஆண்டுமலர் என எதனையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன். ஓர் ஆண்டு, நள்ளிரவு கடந்து மெய்ப்புப் பார்த்த அழைப்பிதழொன்றில் முகூர்த்த நாள் பிழையாகிவிட்டது. 500 அட்டைகள் அச்சாகிவிட்டன. பெண்ணின் தந்தை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கோ வெட்கமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. “திருத்தித் தருகிறேன், போய் வாருங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையை எடுத்தேன். ஓர் ஒற்றுப் பிழைக்காக முழுப் படிவத்தையும் மீண்டும் அச்சிட்டவன் ஒருகாலத்தில் நான். பிழை நேர்ந்ததைவிட, அதற்காக வருந்தாத மனமே ஆபத்தானது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அதனை விளங்கவைத்தவர் ஓர் ஆசிரியர். அப்போது என் மகள் ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வகுப்பாசிரியை என்னை அழைத்து, “ஐயா, பிள்ளை முதற் பாடவேளையிலேயே உறங்கிவிடுகிறாள். இரவில் என்ன செய்கிறாள்?” என்று கேட்டார். அவள் இரவு பதினொரு மணிவரை எங்களோடு அமர்ந்து அழைப்பிதழ் மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாய்திறந்து விடைசொல்ல இயலாமல் நின்றேன். அவளுக்காகத்தான் உழைக்கிறேன் என்று நாள்தோறும் சொல்லி வந்தவன், அவளுடைய உறக்கத்தையும் தொழிலில் முதலாக இட்டிருந்தேன்.

ஊழியரைவிட முதலாளிக்கு இச்சோர்வு புலப்படாமல் வளர்வது ஏன்? மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் ஊழியருக்கு வார ஓய்வுநாளை உறுதிசெய்கிறது. 2023 சனவரி முதல் வாரத்திற்கு 45 மணிநேரம் என்று சாதாரண வேலைநேரத்திற்கு வரம்பும் உண்டு. அவ்வரம்பு முதலாளியைக் காப்பதில்லை. தனக்குத்தானே விடுப்பு எழுதிக்கொள்ள அவருக்கு மனம் வருவதில்லை. கடன், வாடகை, ஊழியர் சம்பளம் ஆகிய மூன்றும் ஓய்வு நேரத்திலும் உடன் வருகின்றன. அச்சத்தை ஊழியரிடம் சொன்னால் அவர்கள் வேறு வேலை தேடுவர், வங்கியில் சொன்னால் கடன் கிடைக்காது, வீட்டில் சொன்னால் கலங்குவர் என எண்ணி யாரிடமும் சொல்வதில்லை. கடையின் பெயரும் தம் பெயரும் ஒன்றாகிவிடுவதால், கடை தளர்ந்தால் தாமே தோற்றதாகக் கருதுகிறார்.

நம் மரபு உழைப்பைப் போற்றுவது என்பதில் ஐயமில்லை. திருக்குறளின் மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய அதிகாரங்களை மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறோம். அவை 61, 62ஆம் அதிகாரங்கள். அவற்றுக்கு முன்னரே 48ஆம் அதிகாரமாக வலியறிதல் நிற்கிறது. தன் வலிமையின் அளவை அறியாமல் ஊக்கத்தால் மட்டும் உந்தப்பட்டுத் தொடங்குவோர் இடையில் முறிவர் என்பது அங்கே சொல்லப்படும் கருத்துகளுள் ஒன்று. முயற்சியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அளவறிதலையும் அதனோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

இனி, வருமுன் காக்கும் வழிகளைக் கூறுகிறேன். முதலாவது, கடைப்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் வெவ்வேறு கணக்கில் வைத்து, முதலாளியும் மாதச் சம்பளம் பெற வேண்டும். தம் உழைப்புக்கு விலை எழுதாதவர், நட்டத்திற்கு விற்பதை அறியாமலே மேலும் மேலும் உழைப்பார். இரண்டாவது, ஏற்கும் வேலைக்கு எல்லை வேண்டும். இயந்திரம் ஒரு நாளில் எத்தனை படிவம் அடிக்கும் என்று அறிந்திருந்த நான், மனிதர் எவ்வளவு தாங்குவர் என்று கணக்கிட்டதில்லை. மூன்றாவது, சாவியும் முடிவெடுக்கும் உரிமையும் இன்னொருவரிடமும் இருத்தல் வேண்டும். நான்காவது, வாரத்தில் ஒரு நாள் கடையையும் தொலைபேசியையும் சேர்த்தே மூட வேண்டும்.

சோர்வு வந்துவிட்டால் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். இரத்தச்சோகை, தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு நோய் ஆகியனவும் இதே தோற்றத்தில் வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மருத்துவமனையையோ, பிஃப்ரெண்டர்ஸ் போன்ற செவிமடுக்கும் சேவையையோ உடனே நாட வேண்டும். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

அடுத்து, விடுமுறை மட்டும் போதாது என்பதை அறிய வேண்டும். நான் பத்து நாள் என் தமையனார் வீட்டிற்குச் சென்று தங்கினேன். நன்றாக உறங்கினேன். திரும்பிய மூன்றாம் வாரத்தில் பழைய நிலையே வந்தது. ஏனெனில், சுமையை இறக்கி வைத்தேனேயன்றிக் குறைக்கவில்லை. அதன்பிறகே ஒரே இரவில் முடித்துத் தரும் வேலைகளை மறுக்கத் தொடங்கினேன். வாடிக்கையாளர் சிலர் விலகினர். வருமானம் குறைந்தது. வேனை விற்றேன். பெரிய வேலைகளின் பொறுப்பை என்னிடம் பல்லாண்டு பணியாற்றிய அச்சுப்பணியாளரிடம் ஒப்படைத்தேன். என்னைவிட அவர் ஒழுங்காகச் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின. மெய்ப்பில் ஒரு பிழையைக் கண்டு மீண்டும் மனம் பதறிய நாளில்தான் மீண்டுவிட்டேன் என்று உணர்ந்தேன். அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

சிலருக்குத் தொழிலைச் சுருக்குவது தீர்வாகும். சிலருக்கு மூடுவதே தீர்வாகும். கடனைத் தீர்த்து, ஊழியருக்குரியதைக் கொடுத்து, முறையாக மூடுவது தோல்வி அன்று. அதுவும் ஒரு தொழில் முடிவே.

ஆசிரியப் பெருமக்களே, வகுப்பில் உறங்கும் பிள்ளையைக் கண்டால் கண்டிப்பதற்கு முன் ஒருமுறை காரணம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தை நிமிர்த்தக்கூடும். எங்கள் குடும்பத்தை நிமிர்த்தியது. மாணவர்களே, கடையில் பெற்றோருக்கு உதவுவது நற்பண்பு. அவர்கள் சாப்பிட்டார்களா, உறங்கினார்களா என்று கேட்பதும் உதவியே. இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும் அதனைக் கேளுங்கள்.