செல்லப் பன்றிக்கு டிபியா? பேர் தெரியாம முடிவெடுக்க முடியாது

அமெரிக்காவுல நாய், பூனை மாதிரி பன்றியையும் வீட்டுக்குள்ள வளர்க்குறாங்க. பாட் பெல்லின்னு சொல்ற வியட்நாம் குட்டை ரகம், 1980-களில் அங்கே போய்ச் சேர்ந்தது. சோபாவுல ஏறித் தூங்கும். அப்படி ஒண்ணு மெலிஞ்சுக்கிட்டே போகுது, இருமுது, எக்ஸ்ரேல நுரையீரல்ல கட்டி மாதிரி தெரியுதுன்னு வெச்சுக்கோங்க. டாக்டருக்கு முதல்ல தோணுறது கேன்சர், இல்லேன்னா நிமோனியா. டிபி குடும்பத்துக் கிருமியான மைக்கோபாக்டீரியா சட்டுனு ஞாபகத்துக்கு வராது.

காரணம் இருக்கு. பண்ணைப் பன்றி சுமார் ஆறு மாசத்துல வெட்டுக்குப் போயிடும். கழுத்துலயும் குடல் பக்கத்துலயும் இருக்குற நிணநீர்க் கணுக்கள்ல சின்னச் சின்னக் கட்டி இருந்தா, இறைச்சிக்கூடத்துல சோதிக்கிறவர் கண்ணுலதான் அது படும். அதனால இந்த நோயைப் பத்தித் தெரிஞ்சதுல பெரும்பகுதி செத்த பன்றிகள்கிட்ட கத்துக்கிட்டது. செல்லப் பன்றியோ பதினஞ்சு வருஷம்கூட வாழும். அதுக்கு உயிர் இருக்கும்போதே கண்டுபிடிக்கணும்.

ஊசி போட்டுத் திசு எடுத்து, சீல்-நீல்சன் சாயம் போட்டா கிருமி சிவப்புக் குச்சியா தெரியும். ஆனா அது குடும்பப் பேர் மட்டும்தான். எந்த மைக்கோபாக்டீரியான்னு சொல்லாது. இங்கதான் விஷயமே இருக்கு. போவிஸ் அல்லது ட்யூபர்குலோசிஸ்னா வீட்டுல இருக்குற மனுஷங்களுக்கும் ஆபத்து, அரசுக்குத் தகவல் சொல்லணும், பன்றியைக் கொல்லவும் வேண்டி வரலாம். ஏவியம்னா பெரும்பாலும் மண், பறவை எச்சம், படுக்கைக்குப் போட்ட மரத்தூள்லேர்ந்து வந்திருக்கும். நல்ல ஆரோக்கியமா இருக்குறவங்களை அது அபூர்வமாத்தான் தொடும்.

காதடியில ட்யூபர்குலின் ஊசி போட்டு 48 மணி நேரம் கழிச்சு வீக்கம் பாக்குற டெஸ்டும் இருக்கு. அது கிருமியோட பரிச்சயம் உண்டான்னு சொல்லும், அவ்வளவுதான். உறுதியான பேர் வேணும்னா பிசிஆர் பண்ணணும், இல்லேன்னா கல்ச்சர் வெச்சு வாரக்கணக்கா காத்திருக்கணும். எடுத்த திசு மொத்தத்தையும் ஃபார்மலின்ல போட்டுட்டா கிருமி செத்துடும், கல்ச்சர் அதோட முடிஞ்சது. பிசிஆரும் கஷ்டமாயிடும்.

பேர் தெரிஞ்சாலும் சிகிச்சை சுலபமில்ல. பல மருந்தை மாசக்கணக்கா சேர்த்துக் கொடுக்கணும். அமெரிக்கச் சட்டமோ சோபாவுல தூங்குற இந்தப் பன்றியையும் இறைச்சி விலங்காத்தான் பாக்குது, அதனால மருந்துக் கட்டுப்பாடு வேற.

உங்க நாய், பூனைக்கு ஆறாத கட்டின்னு பயாப்ஸி பண்ணாலும், ஃபார்மலின் படாம ஒரு துண்டு தனியா எடுத்து வெக்க முடியுமான்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.